பக்கவாதம் வந்த வீட்டில் காந்தப் படுக்கை

பக்கவாதம் வந்தவரின் வீட்டுக்கு உறவினர்கள் ஆறுதல் சொல்ல வந்து போன கையோடு, காந்தப் படுக்கை விற்பவரும் வந்துவிடுகிறார். கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், திருவட்டாறு பகுதிகளில் இயன்முறை மருத்துவராக நான் செல்லும் வீடுகளில் அந்தப் படுக்கையை அடிக்கடி பார்க்கிறேன். நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. இரவில் அதில் படுத்தால் மூளை நரம்புகள் புத்துயிர் பெறும் என்று சொல்லி விற்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

காந்தத்தால் மூளையைத் தூண்ட முடியும், அதில் சந்தேகமில்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கரும் அவரது குழுவினரும் ஒரு கம்பிச்சுருளைத் தலைக்கு மேல் பிடித்து, கைத்தசையைத் துடிக்க வைத்தார்கள். மாறுகிற காந்தப்புலம் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று இயற்பியலாளர் ஃபாரடே 1831இலேயே காட்டியிருந்தார். அந்தச் சுருளில் 2 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் புலம் எழுந்து, கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரத்தில் அடங்குகிறது. அந்த வேகம்தான் நரம்பணுக்களைத் தூண்டுகிறது. படுக்கைக்குள் தைத்த காந்தத்தின் புலமோ மாறுவதே இல்லை. மாறாத புலத்தில் நரம்பைத் தூண்டும் மின்னோட்டம் பிறக்க வழியில்லை.

சிகிச்சையில் சுருள் இப்படிக் கொடுக்கும் காந்தத் துடிப்பின் வேகத்துக்கும் பொருள் உண்டு. நொடிக்கு ஒன்று என மெதுவாகக் கொடுத்தால் அந்த மூளைப்பகுதி தூண்டப்படும் தன்மை பொதுவாகக் குறைகிறது. ஐந்தோ அதற்கு மேலோ கொடுத்தால் கூடுகிறது. துடிப்பு நின்ற பிறகும் இந்த மாற்றம் சிறிது நேரம் நீடிக்கிறது. மூளையின் நெகிழ்திறன் என்று நாங்கள் சொல்வதன் ஒரு முகம் அது. பக்கவாதத்தில் மூளையின் பாதிக்கப்படாத பாதி மற்றப் பாதியை அடக்குகிறது என்ற கருத்தில், நல்ல பக்கத்துக்கு மெதுவான துடிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், உண்மையான துடிப்பு பெற்றவர்களும் போலித் துடிப்பு பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள். இரு தரப்பினரும் கைப்பயிற்சி செய்திருந்தார்கள்.

அந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு முக்கியம். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவருக்கு நான் கொடுத்த பயிற்சிப் பொருள், அவர் வீட்டு முற்றத்தில் கிடந்த சிரட்டை. அதை விரல்களால் கவ்வ வேண்டும், தூக்க வேண்டும், கவிழ்க்காமல் திண்ணையில் வைக்க வேண்டும். முதலில் கட்டைவிரல் விரியவே இல்லை. அவர் மனைவி உதவப் போனபோதெல்லாம் தடுத்தேன். கைக்கு வேலை கொடுத்தால்தான் மூளை அதற்கு வழி தேடும். வெறும் சிரட்டை பிடிபட்டதும் பாதி தண்ணீர் ஊற்றினோம். பிறகுதான் கத்தியின் பிடி.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்து மக்கள் காற்றாலைகளையும் உயரழுத்த மின்கம்பிகளையும் காட்டி, இவை மூளையைக் கெடுக்குமா என்று கேட்கிறார்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறுகிறது (50 ஹெர்ட்ஸ்); அதன் காந்தப்புலத்துக்குப் பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டி வரம்பு 200 மைக்ரோடெஸ்லா (மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சிகிச்சைச் சுருளின் உச்சம் அதைப்போல் பத்தாயிரம் மடங்கு. கம்பிக்கு அடியில் நடப்பவரின் மூளை அப்படித் தூண்டப்படுவதில்லை. அறுந்து கிடக்கும் கம்பிக்கு அஞ்சுங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர், கேட்பதற்காகக் காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தியவர் வீட்டில் இருந்தால், அவர் காந்தப் படுக்கையில் படுக்கவே கூடாது. துடிப்புச் சிகிச்சைக்குப் போவதாக இருந்தால் இந்தக் கருவிகளையும், தலைக்குள் உலோகம் இருந்தால் அதையும், எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதையும் நரம்பியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.