ஊருணித் துளியில் இரண்டு நட்சத்திரங்கள்

தேவிபட்டினத்திலிருந்து ஒரு பத்தாம் வகுப்பு மாணவி கேட்டிருக்கிறார்: “எங்கள் ஊருணித் தண்ணீரை நுண்ணோக்கியில் பார்த்தேன். செருப்பு வடிவத்தில் ஒன்று விரைந்து ஓடியது. அது பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரிதான் என்று எப்படி உறுதி செய்வது?”

வடிவத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். குறு இழைகளால் நீந்தும் நீள்வட்ட உயிரிகள் ஒரே துளியில் பல வகை இருக்கும். மற்றவற்றைப் பிரித்தறிவது எளிது. பச்சை உடலில் சிவப்புக் கண்புள்ளி தெரிந்தால் யூக்ளினா. காம்பில் நின்று, சட்டென்று சுருள்வது வோர்ட்டிசெல்லா. உருவம் நிலைக்காமல் ஊர்ந்தால் அமீபா. பாரமீசியம் கால் மில்லிமீட்டர் அளவில், சுழன்று சுழன்று நீந்தும். பஞ்சிலிருந்து நாலைந்து இழைகளைப் பிரித்துத் துளிக்குள் போட்டால், இடையில் சிக்கிச் சற்று நிற்கும். அப்போது 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள்.

முன்பாதியில் ஒன்று, பின்பாதியில் ஒன்று என இரண்டு நட்சத்திரங்கள் தெரியும். வெறுமையான ஒரு நடுவிடத்தைச் சுற்றிக் கதிர் கதிராக நுண்கால்வாய்கள் மெல்லப் பருக்கின்றன. அவை தங்கள் நீரை நடுவில் கொட்டியதும் அங்கே தெளிந்த வட்டம் ஒன்று எழுகிறது; கதிர்கள் மெலிகின்றன. வட்டம் முழு நிலவாகிறது. அடுத்த கணம் அதைக் காணோம். அதிலிருந்த நீர் உடலுக்கு வெளியே போய்விட்டது. மறுபடியும் கதிர்கள் அரும்புகின்றன. முதன்முதலில் இதைப் பார்த்த அன்று நான் சாப்பிடப் போகவே மறந்துவிட்டேன்.

பாடப்புத்தகம் இதைச் சுருங்கும் நுண்குமிழ் என்கிறது. சவ்வூடு பரவல் நீங்கள் படித்ததுதான்: கரைந்த பொருள்கள் அதிகமுள்ள பக்கத்துக்கு நீர் சவ்வு வழியே நகரும். அவை ஊருணி நீரைவிட உடலுக்குள் அதிகம். ஆகவே நீர் ஓயாமல் உள்ளே புகுகிறது. ஓட்டை வள்ளத்தில் போனவரைப் போல இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் உடல் ஊதி வெடித்துவிடும். ஆனால் நீரை நேரடியாக அள்ளித் தள்ளும் பம்பு எந்த உயிரணுவிலும் கிடையாது. குமிழ் அமைப்பின் சவ்விலுள்ள புரதங்கள் ஆற்றலைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே ஏற்றுகின்றன. அதன் விளைவாக வேறு அயனிகளும் அங்கே சேர்கின்றன. அவற்றைத் தேடி நீர் தானாகவே வந்துவிடுகிறது. எந்த விதியால் நீர் உடலுக்குள் புகுந்ததோ, அதே விதியைக் கொண்டே அதை வெளியேற்றுகிறது இந்த ஒற்றைச் செல்!

ஊருணிக்குப் பக்கத்திலேயே கடல். அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. வெளியே உப்பு மிகுந்திருப்பதால் நீரை இறைக்கும் தேவை குறைவு; அங்கே வாழும் அமீபாக்கள் பலவற்றுக்கு இந்தக் குமிழே இல்லை.

1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், ராமேஸ்வரம் அருகேயுள்ள மண்டபம் என்ற ஊரில்தான் 1949இல் வேரூன்றியது. கடலைப் படிக்கப் பணம் ஒதுக்கியது மிகச் சரி. மழையை நம்பியிருக்கும் நம் ஊருணிகளுக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்த ஊருணியில் எவை வாழ்கின்றன என்ற பட்டியலைப் பள்ளிகளே தயாரிக்கலாம். அலமாரியில் பூட்டிக் கிடக்கும் நுண்ணோக்கிகளை வெளியே எடுத்தால் போதும்.

நீங்களே தொடங்குங்கள். ஒரு நட்சத்திரம் நிறைந்து மறையும் இடைவெளியைப் பத்து முறை அளந்து நோட்டில் எழுதுங்கள். பிறகு இருபது பங்கு ஊருணி நீரில் ஒரு பங்கு கடல்நீரைக் கலந்து, அதில் மறுபடியும் பத்து முறை அளவெடுங்கள். கடல்நீரை ஊருணி நீர் கலக்காமல் அப்படியே ஊற்றிவிடாதீர்கள். பாரமீசியம் சுருங்கிச் செத்துவிடும். கலந்த நீரில் இடைவெளி நீண்டிருக்கும்: உள்ளே புகும் நீர் குறைந்ததால் இறைக்கும் வேலையும் குறைந்துவிட்டது.