கருப்பையிலிருந்து பள்ளி போர்டு வரை: மெட்ரிகுலேஷன்

தமிழ்நாட்டில் மெட்ரிகுலேஷன் என்றால் ஃபீஸ் கட்டிப் படிக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளி. கொஞ்சம் வயதானவர்களுக்கு அது பத்தாவது பாஸ். ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டும் இல்லை. அங்கே மெட்ரிகுலேட் ஒரு வினைச்சொல், ஒருவரை முறைப்படி பல்கலைக்கழகத்தின் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வது. இன்றும் புது மாணவர்கள் அங்கி மாட்டிக்கொண்டு போய், லத்தீன் வாசகம் சொல்லப்படுவதைக் கேட்டுவிட்டு வருகிறார்கள். வெறும் சடங்குதானே என்று தோன்றலாம். ஆனால் அங்கே பெண்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே படிக்க வந்து, தேர்வும் எழுதி, பட்டம் மட்டும் கிடைக்காமல் இருந்தார்கள், ஏனென்றால் 1920 அக்டோபர் வரை அவர்களை யாரும் மெட்ரிகுலேட் செய்யவில்லை.

வேர் லத்தீனில் இருக்கிறது. மாத்தர் என்றால் தாய், அதிலிருந்து வந்த மாட்ரிக்ஸ் என்றால் குட்டி போடும் பெண் விலங்கு, அப்புறம் கருப்பை. அதே சொல்லுக்குப் பதிவேடு என்றும் ஒரு பொருள் பிற்காலத்தில் சேர்ந்தது. சின்னப் பதிவேடு மாட்ரிகுலா. ரோமப் படைவீரர்களின் பெயர்ப்பட்டியலும் மாட்ரிகுலாதான். (கணக்கில் வரும் மேட்ரிக்ஸும் இந்தக் குடும்பம்தான். 1850இல் சில்வெஸ்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் அந்தப் பெயரை வைத்தது, அணிக்கோவைகள் (டிடர்மினன்ட்) அதற்குள்ளிருந்து பிறக்கின்றன என்ற எண்ணத்தில்.)

பட்டியலின் பெயர், பட்டியலில் பேர் எழுதும் செயலுக்கு வந்தது. ஸ்பானிஷில் மத்ரீகுலா என்றால் கல்லூரியில் சேர்வதும் உண்டு, வண்டியின் நம்பர் பிளேட்டும் உண்டு, இரண்டுமே பதிவுதானே.

நம் ஊரில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, உள்ளே வர ஒரு தேர்வு எழுத வேண்டும், அதன் பேர் மெட்ரிகுலேஷன். சேர்க்கையின் பெயர் அதற்கு முந்தைய தேர்வுக்குப் போய்விட்டது. கும்பகோணத்தில் படித்த ராமானுஜன் 1903இல் பாஸ் செய்தது இதைத்தான். அப்புறம் அந்தத் தேர்வுக்குத் தயார் செய்யும் பள்ளிக்கும் அதே பெயர். இலக்கண வகுப்பில் ‘ஊர் சிரித்தது’ என்று படித்தோமே, அந்த ஆகுபெயர்தான் இங்கே வேலை செய்கிறது: ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகிவருவது. ஒரு தடவை என்றால் பழைய பொருள் கண்ணுக்குத் தெரியும். நாலைந்து தடவை நடந்தால் சுத்தமாக மறைந்துவிடும்.

2011இல் சமச்சீர் கல்வி வந்து மெட்ரிக் பாடத்திட்டமே போய்விட்டது, பள்ளி வாசல் போர்டில் பேர் மட்டும் நிற்கிறது. அரசுப் படிவத்தில் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று இருந்தால் அது பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கானது. மெட்ரிக் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.