குடிக்காதவரின் ஈரலுக்கு மதுசாரம் எங்கிருந்து வருகிறது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் ஸ்கேன் அறிக்கையில் ஈரலில் கொழுப்பு என்று எழுதப்பட்டிருந்ததாகவும், அதைக் கேள்விப்பட்ட லயத்துச் சனம் அவர் ஒளித்துக் குடிப்பவர் என்று பேசத் தொடங்கிவிட்டதாகவும் அவருடைய மகள் எழுதியிருந்தார். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாதவருக்கு இது எப்படி வரும் என்பதே அவருடைய கேள்வி.

முதலில் சொல்ல வேண்டியது, அந்த அம்மா தனியாள் அல்லர். நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில் 35 முதல் 64 வயது வரையான 403 பேரைப் பரிசோதித்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், 18 சதவீதத்தினருக்கு மதுவுடன் தொடர்பற்ற ஈரல் கொழுப்பு காணப்பட்டது. மலையேறி இறங்கி உழைக்கும் உடல்களிலேயே இந்த நிலை. மிகுதியான சீனியும் மாப்பொருளும், வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும், இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாமற் போவதும் இதற்குரிய அறியப்பட்ட காரணங்கள், பரம்பரைக்கும் பங்குண்டு. இவற்றோடு குடலில் வாழும் பற்றீரியாக்களும் சேர்கின்றன என்பதுதான் அண்மைக் காலத்தில் தெளிவாகிவரும் செய்தி.

ஈரலுக்கு வரும் குருதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ஈரல் வாயி நாளம் வழியாகக் குடலிலிருந்தே வருகிறது. சமிபாடடைந்த உணவு மட்டுமன்றி, குடற் பற்றீரியாக்கள் உண்டாக்கும் பொருட்களும் உடலின் வேறெந்த உறுப்பையும் தொடுவதற்கு முன் ஈரலைச் சென்றடைகின்றன. அவற்றுள் ஒன்று எதனோல், அதாவது மதுவில் இருக்கும் அதே மதுசாரம். இறக்கிய கித்துள் பதநீரை நேரத்தோடு காய்ச்சாவிட்டால் மதுவம் அதைக் கள்ளாக்கிவிடுவதைப் போல, குடலில் சில பற்றீரியாக்கள் வெல்லத்தை நொதிக்கச் செய்து எதனோலை ஆக்குகின்றன. மது அருந்தாமலே, இனிப்பும் மாப்பொருளும் உண்டதும் வெறியேறிய ஒருவரைச் சீன ஆய்வாளர்கள் பரிசோதித்து, அவருடைய குடலில் எதனோலை மிகுதியாக ஆக்கும் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பற்றீரியா வகையைக் கண்டறிந்து 2019இல் வெளியிட்டனர். அந்தப் பற்றீரியாவை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ஈரலிலும் கொழுப்பு படிந்தது.

அப்படியானால் சாதாரண நோயாளியின் கையிலிருந்து எடுக்கும் குருதியில் மதுசாரம் ஏன் தெரிவதில்லை? என்னை மிகவும் வியக்கவைப்பது இதற்கான விடைதான். மேட்டு லயத்தார் நீரையெல்லாம் பிடித்துவிட்டால் கீழ் லயத்துப் பீலியில் ஒன்றும் சொட்டாது. கீழே நின்று பார்ப்பவருக்கு ஊற்றே வற்றிவிட்டதாகத் தோன்றும். ஈரல் அந்த மேட்டு லயம். தன்னிடம் வரும் எதனோலைத் தனது நொதியங்களால் உடனுக்குடன் சிதைத்துவிடுவதால் கைக் குருதிக்கு அது எட்டுவதில்லை. சிதைக்கும் வேலையின் பாரத்தை மட்டும் ஈரல் தாங்குகிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சைக்கு வந்த 37 பேரின் வாயி நாளத்திலிருந்தே குருதியை எடுத்து அளந்தார்கள். கைக் குருதியோடு ஒப்பிட்டால் அங்கே எதனோலின் செறிவு, இடைநிலைக் கணக்கில், 187 மடங்காக இருந்ததோடு நோய் முற்ற முற்ற அது கூடியும் இருந்தது. பிறகு, மெதனோல் நஞ்சுக்குக் கொடுக்கப்படும் ஃபோமெபிசோல் என்ற மருந்தால் ஈரல் கொழுப்பு உள்ளவர்களின் நொதியத்தைச் சற்று நேரம் அடக்கிவைத்து உணவு கொடுத்தபோது, அவர்களுடைய கைக் குருதியில் எதனோல் ஏறத்தாழ 15 மடங்கு உயர்ந்தது. மேட்டு லயத்தார் பிடிப்பதை நிறுத்தியதும் கீழ்ப் பீலியில் நீர் கொட்டிவிட்டது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுத்த பின்னர் இந்த உயர்வு மறைந்துபோனது. ஆகவே எதனோலை ஆக்கியவை பற்றீரியாக்களே.

எதனோல் குடற்சுவரின் கலங்களுக்கிடையேயான இறுக்கத்தையும் தளர்த்துவதால், பற்றீரியாக்களின் புறச்சுவர்த் துண்டுகள் கசிந்து ஈரலுக்குள் அழற்சியைத் தூண்டுகின்றன. கொழுப்பு படிந்த ஈரல் புண்பட்டுத் தழும்பாவதில் இந்த அழற்சிக்கும் பங்குண்டு.

இத்தகைய ஆய்வுகள் பீஜிங்கிலும் ஆம்ஸ்டர்டாமிலும் மட்டும் நடந்தால் போதாது. கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் பல தலைமுறைகளாக நாளாந்த உணவாகிவிட்ட எங்கள் மக்களின் குடலில் எந்தப் பற்றீரியா எவ்வளவு எதனோலை ஆக்குகிறது என்பதை அறிய இங்கேயே பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஈரல் கொழுப்பைக் குடித்ததற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பெயரைக் கெடுப்பது அறியாமை மட்டுமன்று, அநீதியும் ஆகும். மாதமொருமுறை பேதிக்குக் குடித்தால் குடல் சுத்தமாகி ஈரல் குணமாகும் என்ற நம்பிக்கையும் வீண். எஞ்சும் பற்றீரியாக்கள் சில நாட்களிலேயே பெருகிவிடும்.

பழஞ்சோறு உதவுமா என்றும் அந்த மகள் கேட்டிருந்தார். சிறுகுடலில் சமிபாடடையாமல் பெருங்குடல் வரை செல்லும் மாப்பொருளை நாளொன்றுக்கு 40 கிராம் வீதம் நான்கு மாதங்கள் உட்கொண்டவர்களின் ஈரல் கொழுப்பு குறைந்ததாக, 200 பேரைக் கொண்டு சீனாவில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. சோறு ஆறும்போது இவ்வகை மாப்பொருள் சற்றுக் கூடுவது உண்மையே. ஆனால் அந்த ஆய்வில் கொடுக்கப்பட்டது சோளத்திலிருந்து பிரித்தெடுத்த மா. ஒரு கோப்பைப் பழஞ்சோற்றில் அந்த 40 கிராமில் சிறு பங்குதான் கிடைக்கும். எனவே அந்த அம்மா காலையில் பழஞ்சோறு சாப்பிடுவதானால் ரொட்டிக்குப் பதிலாகவே சாப்பிட வேண்டும், ரொட்டியோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. தேத்தண்ணிக்குப் போடும் சீனியையும் அதோடு சேர்த்தே குறைக்க வேண்டும்.