உள்ளடக்கத்தைத் தொடாமல் ஃபைல் சிஸ்டத்துக்கு வைத்தியம்

சர்வரில் ஃபைல் சிஸ்டம், அதாவது வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு, கெட்டுவிட்டால், உடனே ரிப்பேர் கட்டளையைத் தட்டக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். ரிப்பேர் வட்டில் எழுதியதைத் திரும்பப் பெற முடியாது.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1993இல் உருவாக்கத் தொடங்கி, பின்னாளில் லினக்ஸுக்கும் வந்த எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. மெட்டாடம்ப் என்ற கருவி, கோப்புகளின் பெயர், அளவு, அவை வட்டில் கிடக்கும் இடம் ஆகிய மெட்டாடேட்டாவை மட்டும் நகலெடுக்கும். உங்கள் படங்களையும் கணக்குகளையும் தொடாது. அந்த நகலை எம்டிரிஸ்டோர் என்ற இன்னொரு கருவி ஒரு கோப்பாக விரிக்கும். 4 டெராபைட் வட்டு என்றால் அந்தக் கோப்பும் 4 டெராபைட் என்றே காட்டும். ஆனால் உள்ளடக்கம் இருந்த இடமெல்லாம் வெறும் ஓட்டை. மெட்டாடேட்டாவுக்கு வேண்டிய இடத்தைத்தான் உண்மையில் பிடிக்கும். ரிப்பேர் உள்ளடக்கத்தைப் படிப்பதே இல்லை, அதனால் அதற்கு இது போதும்.

இனி ஒத்திகை பார்க்கலாம். ஜர்னலில், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டில், முடியாத வேலை பாக்கியிருந்தால், முதலில் மவுண்ட் செய்யச் சொல்லி (ஃபைல் சிஸ்டத்தைப் பயன்பாட்டுக்குத் திறக்கச் சொல்லி) ரிப்பேர் நின்றுவிடும். மவுண்டும் ஆகவில்லையென்றால் ஜர்னலை அழித்துவிட்டுத்தான் தொடர வேண்டும். ஆபத்தான அந்த வேலையை முதலில் நகலில் செய்து, எத்தனை கோப்புகள் பெயர் இழந்து 'லாஸ்ட் ஃபவுண்ட்' கோப்புறைக்குப் போகின்றன என்று பாருங்கள். பிடிக்கவில்லையா, நகலை அழித்து மறுபடி விரித்துக்கொள்ளலாம். வட்டே படிக்க முடியாமல் தேய்ந்திருந்தால் கதை வேறு: முதலில் முழு வட்டையும் காப்பாற்ற வேண்டும்.

நகலை நிரல் எழுதுவோருக்கும் அனுப்பலாம். அப்போது கோப்புப் பெயர்கள் வெளியே தெரியக் கூடாதே! மெட்டாடம்ப் தானாகவே பெயர்களைக் குழப்பிவிடும். இதைச் செய்யும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எக்ஸ்எஃப்எஸ் ஒவ்வொரு பெயருக்கும், அந்தப் பெயரிலிருந்தே கணக்கிட்ட 32 பிட் ஹாஷ் எண் ஒன்றை வைத்திருக்கிறது. பெயரை இஷ்டத்துக்கு மாற்றினால் எண் பொருந்தாது. இல்லாத பழுதை ரிப்பேர் புதிதாகக் கண்டுபிடிக்கும். அதனால் புதுப் பெயருக்கும் அதே நீளம், அதே ஹாஷ் இருக்க வேண்டும். ஒவ்வொரு பைட்டும் ஹாஷை 7 பிட் நகர்த்துகிறது. கடைசி 5 பைட் சேர்ந்தால் 35 பிட், அதாவது 32ஐத் தாண்டிவிடும்; ஹாஷின் எல்லா பிட்டையும் அவற்றாலேயே மாற்ற முடியும். ஆகவே முன்பகுதியை மனம்போல மாற்றிவிட்டு, கடைசி ஐந்தைக் கணக்காகத் தேர்ந்தெடுத்துப் பழைய எண்ணையே வரவழைக்கிறார்கள்.

4 பைட்டுக்குள் அடங்கும் பெயர்களில் இந்தக் கணக்கு நடக்காது. அவை அப்படியே போகும். அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.