புருஷனை ஜெயிலுக்கு அனுப்பும் மனு அல்ல இது

"அக்கா, இவரை உள்ள வச்சிட்டா கடலுக்கு யாரு போறது?"

சட்ட உதவி கேட்டு பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து வரும் பெண்களில் பலர், காயத்தைக் காட்டும் முன்பே இதைத்தான் கேட்கிறார்கள். விசைப்படகுகளுக்கான தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கையில் காசில்லாமல் வீட்டுக்குள் அடிதடி கூடும்போதும் இந்தப் பயம்தான் அவர்கள் வாயைக் கட்டிப்போடுகிறது.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனு குற்றவியல் நடுவரிடம் போவதால் இதைக் கிரிமினல் கேஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். மனு போட்டதற்காக யாரையும் கைது செய்ய மாட்டார்கள். அடிக்காதே, மிரட்டாதே, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, போனில் தொல்லை கொடுக்காதே என்று நடுவர் எழுத்தில் போடும் கட்டளைதான் பாதுகாப்பு உத்தரவு. அதை மீறினால்தான் அது குற்றம். அப்போது ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். அந்த ஆள் கையை அடக்கிக்கொண்டால் தாராளமாகக் கடலுக்குப் போய் வரலாம்.

அடி மட்டுமே வன்முறை என்றும் நினைக்க வேண்டாம். கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தார். கல்லும் முள்ளும் கிழித்து விரலெல்லாம் தழும்பு. பாசி விற்ற காசை அன்றன்றே பிடுங்கிக்கொள்வது, மகளிர் குழுவில் அவர் பெயரில் கடன் வாங்கவைத்துக் குடித்துத் தீர்ப்பது, கேட்டால் பிள்ளைகள் முன்னால் கூசும் வார்த்தைகள். "அடிக்கலையே மேடம், இதுக்கெல்லாம் கேஸ் உண்டா?" என்றார். உண்டு. பொருளாதார வன்முறை, சொல்லால் வதைப்பது, பாலியல் கொடுமை எல்லாமே இந்தச் சட்டத்துக்குள் வரும். அவர் மனுவில், பாசி எடை போடும் இடத்துக்குக் கணவர் வரக் கூடாது என்று இடத்தின் பெயரைச் சொல்லியே கேட்டோம். 'தொந்தரவு செய்யக் கூடாது' என்று மொட்டையாக எழுதிய உத்தரவை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் பேசுவது கஷ்டம்.

வீடு மாமியார் பெயரில் இருக்கிறதே என்று கேட்பார்கள். குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. அது மாமனார் மாமியார் சொத்தாக இருந்தாலும் அந்த உரிமையைக் கோரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீழக்கரைப் பக்கம் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அங்கே அடிக்கிற கணவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லியும் உத்தரவு கேட்கலாம். எந்த மதத்தவருக்கும் சட்டம் ஒன்றுதான். தாயும், சகோதரியும்கூட மனு போடலாம்.

ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குப் போய் மாவட்டச் சமூக நல அலுவலகத்தைக் கேளுங்கள். பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். வருமானம் எவ்வளவானாலும் பெண்ணுக்கு வக்கீல் இலவசம், அதற்குச் சட்ட உதவி எண் 15100க்கு அழையுங்கள். பயந்து தாய் வீட்டுக்கு வந்துவிட்டால், அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். அதனால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேளுங்கள். ஆபத்து இருக்கிறது என்று பிரமாணப் பத்திரத்தில் காட்டினால், எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே கொடுக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு.

உத்தரவு நகல் உங்களுக்கும் ஸ்டேஷனுக்கும் இலவசமாகத் தர வேண்டும். ஸ்டேஷனுக்கு வந்துவிட்டதா என்று நீங்களே போய்க் கேளுங்கள். பிறகு ஊர்க் கூட்டத்தில் வைத்து, 'சமாதானமாகிவிட்டோம்' என்று கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளால் நீதிமன்ற உத்தரவு ரத்தாகாது. பாதுகாப்பு உத்தரவு வேண்டாம் என்று நீங்களே நடுவரிடம் மனு கொடுக்கும்வரை அது நிற்கும். மறுபடி கை நீட்டினால் அந்த நகலோடு அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போங்கள்.