யாழ்ப்பாண மாவட்டம் என்று எழுதிய கிளிநொச்சி உறுதி

போன மாதம் ஓர் அம்மா என் நில அளவைக் கந்தோருக்கு வந்தார். சொப்பிங் பையைப் பிரித்து, அதற்குள் இருந்த பொலித்தீனையும் பிரித்து, மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஒரு காணி உறுதிப் பத்திரத்தை மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் சேற்றுத் தண்ணியின் காவிக் கறை. 2009இல் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோது இதை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு போனவராம்.

"தம்பி, காணி பரந்தனுக்கு இஞ்சால. இதில யாழ்ப்பாண மாவட்டம் எண்டு கிடக்கு. வாங்க வந்தவர் கள்ள உறுதி எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார்."

திகதியைப் பார்த்தேன்: 1971. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதுவரை யாழ்ப்பாணத்தோடுதான் இருந்தது. அந்த உறுதியில் 'கிளிநொச்சி மாவட்டம்' என்று எழுதியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

நில அளவையாளனாக வன்னியில் சுற்றித் திரிகிற எனக்கு இது புதிதல்ல. முல்லைத்தீவுக் காணிகளின் பழைய கடதாசிகளில் பலவற்றில் வவுனியா மாவட்டம் என்றிருக்கும், ஏனென்றால் முல்லைத்தீவு பிரிந்தது 1978இல். 1988க்கும் 2006க்கும் இடைப்பட்ட கடிதங்களின் தலைப்பில் 'வடக்கு கிழக்கு மாகாணம்' இருக்கும். உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2007 ஜனவரி 1இலிருந்து அது மறுபடி இரண்டு. இன்னும் பின்னுக்குப் போனால் கூத்து. 1833இல் வெள்ளைக்காரன் இலங்கையை ஐந்து மாகாணமாக வெட்டியபோது, அனுராதபுரம் இருக்கிற நுவரகலாவியவும் வட மாகாணத்துக்குள்ளேயே கிடந்தது. 1873இல்தான் வடமத்திய மாகாணம் என்று பிரித்தெடுத்தார்கள்.

அதற்கும் முந்தி, யானையைத் திறையாகக் கொடுத்துத் தங்கள் பாட்டில் இருந்த வன்னிமைகள் என்ற சிற்றரசுகள். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று வெள்ளைக்காரன் ஒரு கல் நட்டான். அந்தப் பக்கம் அளவைக்குப் போனால் அந்தக் கல்லையும் பார்த்துவிட்டு வருவேன். என் கண்ணுக்கு அதுவும் ஓர் எல்லைக்கல்தான். வன்னி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன இடம்.

ஆட்சி எல்லை மாறும்போது நிலம் ஓர் அங்குலமும் அசைவதில்லை. காணிக் கோப்புத்தான் ஒரு கந்தோரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். நாட்டு எல்லையே மாறினாலும் இதே கதைதான். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையில் 'சிட்மகால்' என்ற நிலத்திட்டுகள் இருந்தன. வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111, இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51. 2015 ஜூலை 31 நள்ளிரவு அவற்றைக் கைமாற்றினார்கள். படுத்த பாயை விட்டு எழும்பாமலே சனத்துக்கு நாடு மாறிப்போனது.

ஆறு எல்லையாக இருந்தால் தலையிடி இரட்டிப்பு. நம் உறுதிகளில் 'வடக்கு: ஓடை' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். ஓடை மாரிக்கு மாரி படுக்கை மாற்றும். அமெரிக்காவும் மெக்சிக்கோவும் ரியோ கிராண்டே ஆற்றை எல்லையாக வைத்துக்கொண்டு, 1864 வெள்ளத்தில் ஆறு தெற்கே நகர்ந்த பிறகு ஒரு துண்டு நிலத்துக்காக ஏறக்குறைய நூறு வருடம் இழுபட்டன. 1963இல்தான் ஒப்பந்தம். பிறகு ஆற்றையே கொங்கிறீற் வாய்க்காலுக்குள் பிடித்துப் போட்டார்கள். சர்வதேச வழக்கில் இதற்கொரு விதி உண்டு: ஆறு மெல்ல மெல்ல அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடப் போகும், ஒரே வெள்ளத்தில் உடைத்துக்கொண்டு புது வழி எடுத்தால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். "ஓடைக்கு இஞ்சால எல்லாம் என்ரை" என்று வேலிக் கதியாலைப் பிடுங்கி நடுகிறவர்கள் முதலில் என்னிடம் வந்து ஒரு பிளேன்ரீ குடிக்கலாம்.

இன்னொன்று, ஒரு மைலை ஓர் அங்குலத்தில் காட்டுகிற பழைய ஓரங்குல வரைபடத்தைப் போனில் படம் பிடித்து வந்து "கோடு இதால போகுது" என்று சண்டை பிடிக்காதீர்கள். அந்த வரைபடத்தில் அரை மில்லிமீற்றர் தடிப்புக் கோடு நிலத்தில் நூறடிக்கு மேல். உங்கள் வளவு முழுக்க அந்தக் கோட்டுக்குள் படுத்துவிடும்.

உறுதியைப் பிடித்தால் முதலில் திகதியைப் பாருங்கள். அந்தத் திகதியில் அந்த இடம் எந்த மாவட்டம், அப்போது அந்த ஊருக்கு என்ன பேர் என்று கேளுங்கள். மணலாறு என்று இருந்தது இன்று வெலிஓயா என்று இருக்கும். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு, ஆனால் கணினியில் தேடினால் இரண்டும் இரண்டு ஊர். உறுதியில் குத்திய பதிவு முத்திரையில் எந்தப் பதிவகம், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று இருக்கும். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள். பேனையால் மாவட்டப் பேரை வெட்டித் 'திருத்தி'க் கொண்டுவந்த ஒருவரும் இருக்கிறார். நல்ல உறுதியை அவரே கள்ள உறுதியாக்கிவிட்டார்.

அம்மாவின் காணியில் மூன்று எல்லைக்கல் அகப்பட்டது. நாலாவது பக்கத்து வீட்டுக் கிணற்றுக் கட்டுக்குள் கிடக்கிறது. அந்த எல்லைப் பேச்சுவார்த்தைக்கு அடுத்த கிழமை கிராம சேவையாளரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.