பாலத்துக்கு எதற்குக் கூரை?

அமெரிக்கா போய்வந்த வாசகர் ஒருவர் படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: “ஆற்றுப் பாலத்துக்கு வீடு மாதிரி சுவரும் கூரையும் ஏன்? மழைக்கு ஒதுங்கவா?” குதிரை தண்ணீரைப் பார்த்து மிரளாமலிருக்க என்று அந்தப் பக்கம் ஒரு கதைகூட உண்டு. அந்தக் கூரை பாலத்துக்கே பிடித்த குடை.

படத்தில் இருப்பது கார்னிஷ்–வின்ட்சர் பாலம். கனெக்டிகட் ஆற்றின் ஒரு கரையில் நியூ ஹாம்ப்ஷயர், மறுகரையில் வெர்மான்ட். முன்பிருந்த பாலங்களை வெள்ளம் கொண்டுபோன பிறகு, 1866-ல் ஜேம்ஸ் டாஸ்கரும் பேலா ஃபிளெட்சரும் கட்டியது. நீளம் சுமார் 450 அடி. நடுவில் ஒரே ஒரு தூண்.

அவ்வளவு தூரத்தை மரம் எப்படித் தாங்குகிறது? உள்ளே போய்ப் பக்கவாட்டில் பாருங்கள். சாய்ந்த கட்டைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும், பெரிய மூங்கில் தட்டி போல. இத்தியேல் டவுன் 1820-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. முக்கோணம் கோணாது என்பது பள்ளிப் பாடம். இங்கே முக்கோணங்கள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் வண்டியின் பாரம் பல கட்டைகளுக்கும் பிரிந்துபோகிறது.

சரி, இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கட்டைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடமும் ஈரத்துக்கு ஒரு பொந்து. வெளியே தெரியும் மரம் நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடும். இரண்டு கட்டை ஒட்டிக் கிடக்கும் சந்தில் காற்று புகாது. இறங்கிய தண்ணீர் நாள்கணக்கில் அங்கேயே நிற்கும். காய்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதம் நீர் ஏறினால் அதன் செல்சுவர்கள் முழுதாக ஊறிவிடும். அதைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். செல்சுவரையே கரைத்துத் தின்னும், மரம் இத்துப்போகும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளரவே முடியாது. கூரையும் பக்கப்பலகையும் மரத்தை அந்த அளவுக்குக் கீழேயே வைத்திருக்கின்றன. காய்ந்த மரம் ஈர மரத்தைவிட வலுவானது என்பது கூடுதல் லாபம்.

நடைபலகை தேய்ந்தால் கழற்றி வேறு போட்டுவிடலாம். தட்டியை மாற்றுவதென்றால் பாலத்தையே பிரிக்க வேண்டும். அதனால்தான் தட்டிக்கு இத்தனை கவனிப்பு.

ஆனாலும் நூறாண்டுப் பாரத்தில் பாலம் தொய்ந்தது. 9,000 டாலருக்குக் கட்டியதை 1980-களின் இறுதியில் சீரமைக்க 40 லட்சம் டாலருக்கு மேல் ஆனது. வீண்செலவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதுப் பாலம் திறக்கக் கிடைக்கும் பணம் பழையதைப் பராமரிக்கவும் கிடைக்க வேண்டும். அங்கே கிடைத்தது, அதன் வழியே இன்றும் கார்கள் போகின்றன.